நெதர்லாந்தை நடந்து கடக்க: மூன்று பாதைகள்

சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வாழும் நெதர்லாந்தில், பல நாள் நடைக்கான பாதையைக் காட்டையும் தனிமையையும் வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க அங்கே அனுமதி இல்லை என்பதால், இரவுகள் ஊரிலோ அதற்கென ஒதுக்கிய முகாமிலோதான் கழியும். ஆகவே, நெருக்கமான அந்த நாட்டின் எந்த முகத்தை ஒரு பாதை காட்டுகிறது என்று பார்ப்பதே சரி.

பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் பீட்டர்பாட். இரண்டு தோழியர் தாங்களே நடந்து பார்த்து வகுத்த இந்தப் பாதை 1983இல் திறக்கப்பட்டது. வாடன் கடலை ஒட்டிய பீட்டர்பூரன் சிற்றூரில் தொடங்கி, தெற்கே மாஸ்ட்ரிக்ட் அருகிலுள்ள குன்று வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளும் அது 26 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ட்ரெந்தே மாகாணத்தின் 5,000 ஆண்டுப் பழமையான பெருங்கற் கல்லறைகளும் ஹோல்டன் ஊரை ஒட்டிய மேட்டுநிலப் புதர்வெளியும் வழியில் வருவதால் அலுப்பே தட்டாது. துணைக்கு நடப்பவர்களும் எப்போதும் இருப்பார்கள். ஆனால் அது நாட்டின் கிழக்குப் பக்கமாகவே இறங்கிவிடுகிறது. மக்கள் செறிந்த, கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் மேற்குப் பகுதியை அது தொடுவதே இல்லை.

அந்த மேற்கைக் காட்டுவது ட்ரெக்ஃபோகல்பாட், அதாவது வலசைப் பறவைப் பாதை. பெர்கன் கடற்கரையிலிருந்து ஜெர்மன் எல்லையருகே உள்ள என்ஸ்கெடே வரை சுமார் 400 கிலோமீட்டர். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே வாட்டர்லாந்தில், ஒரு காலத்தில் கடலைத் தடுத்த பழைய அணை மேல் நடக்கும்போது, ஒரு கையருகே ஏரி நீர் தளும்பும். மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்த புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். இடையில் நிற்பது நம் காலடியிலுள்ள மண்கரை மட்டுமே என்று அந்த இடத்தில் உறைப்பதுபோல வேறெங்கும் உறைக்காது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் கருவால் மூக்கன் பறவைகள் வசந்தத்தில் இந்த ஈரப் புல்வெளிகளில்தான் கூடு கட்டுகின்றன. நம் பள்ளிக்கரணைக்குக் குளிர்காலத்தில் வருவதும் இதே இனம்தான். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் இத்தகைய புல்வெளிகளில் சில தடங்கள் மூடப்படும் என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆம்ஸ்டர்டாமைத் தாண்டியபின் யூட்ரெக்ட் மணல்மேடும் வேலுவே காடும் வருகின்றன. குறை என்று சொன்னால், மேற்குப் பாதியில் செங்கல் பாவிய தெருக்களும் தார்ச்சாலைகளும் அதிகம். தடித்த அடிப்பாகமுள்ள காலணி இல்லாவிட்டால் மாலைக்குள் உள்ளங்கால் எரியும்.

மூன்றாவது, 1296இல் கொல்லப்பட்ட ஹாலந்துக் கோமான் ஐந்தாம் ஃப்ளோரிஸ் பெயரிலான பாதை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து தெற்கேயுள்ள பெர்கன் ஒப் ஸோம் நகர் வரை சுமார் 250 கிலோமீட்டர். கோட்டைகளிலும் ஆறுகளிலும் ஆர்வம் உள்ளவர்கள் வார இறுதிகளில் துண்டு துண்டாக நடக்க ஏற்றது.

மூன்றிலும் விளக்குக் கம்பத்திலும் வேலிக்காலிலும் வெள்ளை, சிவப்புப் பட்டைகளே வழிகாட்டும். அவை பெருக்கல் குறியாக இருந்தால் வழி தவறிவிட்டோம் என்று பொருள். முழு நாட்டையும் வடக்கு தெற்காகக் கடந்த நிறைவு வேண்டுவோருக்குப் பீட்டர்பாட்டை விட்டால் வேறில்லை. ஒரு வாரமே கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பெர்கன் கடற்கரையிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரையிலான வலசைப் பறவைப் பாதையை, ஏப்ரல் மாதத்தில்.