காட்டுக்கும் போகணும், திங்கக்கிழமை ஆபீசுக்கும் போகணும்: பழைய பஜேரோவோட பல வருஷ அனுபவம்

நம்ம வண்டி ரெண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ, 2.8 டர்போ டீசல், நீள வீல்பேஸ், ஏழு சீட்டு. 1991ல வந்த அந்த ஷேப் தான். லேடர் ஃப்ரேம் (ஏணி மாதிரி இருக்கற தனி சட்டம்) மேல பாடி, முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கி ஸ்ப்ரிங் வேல செய்யற இரும்புக் கம்பி), பின்னாடி காயில் ஸ்ப்ரிங் போட்ட முழு ஆக்ஸில். வீட்டு வண்டியா ஓடிட்டிருந்தத கொஞ்சம் கொஞ்சமா கேம்பிங் போற மாதிரி மாத்தினேன், ஆனா இன்னிக்கும் வீட்டு வண்டி தான், புள்ளைங்கள ஸ்கூல்ல விடறதும் இது தான், அம்மா ஏறி இறங்கறதும் இதுல தான். இத ஏன் முதல்லயே சொல்றேன்னா மாடிஃபிகேஷன் பத்தி பேசறவங்க நிறைய பேரு காட்டுக்குன்னே தனி வண்டி வச்சிருப்பாங்க, அவங்க சொல்ற லிஸ்ட்ட அப்படியே நம்ம வண்டில ஏத்தினா வண்டி தாங்காது, வீட்டுல இருக்கறவங்களும் தாங்க மாட்டாங்க. இத்தன வருஷம் ஓட்டினதுல நான் எதுக்கும் முதல்ல கேக்கற கேள்வி ஒண்ணு தான், இது எத்தன கிலோ, எந்த உயரத்துல உக்காரப் போகுது?

முதல் ரவுண்டு செலவு முழுக்க கண்ணுக்குத் தெரியாத எடத்துல தான் பண்ணேன். சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் கிளட்ச் (சூடு ஏறினா ரேடியேட்டர் ஃபேன வேகமா சுத்த வைக்கறது), வீல் பேரிங் கிரீஸ், அப்புறம் ரெண்டு டிஃபரன்ஷியல் (வளைவுல வீலுங்க வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்), டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் பலத்த முன், பின் ஆக்ஸிலுக்கு அனுப்பற பெட்டி), கியர்பாக்ஸ்னு எல்லா ஆயிலும். இந்த வயசு வண்டில ரப்பர்னு இருக்கறது எதையும் நம்பக்கூடாது. ரோட்ல ஓட்டறப்போ இதெல்லாம் தெரியாது, வேகத்துக்கு எதிர்காத்தே ரேடியேட்டர கூல் பண்ணிடும். ஆனா லோ ரேஞ்ச் (மெதுவா, அதிக பலத்தோட ஓட்டற கியர்) போட்டு மணல்லயோ கல்லு மேட்டுலயோ நடக்கற வேகத்துல ஏறறப்போ எஞ்சினுக்கு முழு லோடு, காத்துன்னு வர்றது ஃபேன் இழுக்கறது மட்டும் தான், அரை உயிர்ல இருக்கற ஃபேன் கிளட்ச் அங்க தான் காலை வாரும். டேஷ்போர்டுல இருக்கற டெம்பரேச்சர் முள்ளு நிறைய வண்டில நடுவுலயே நிக்கற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க, அது ஏறறது நம்ம கண்ணுக்குத் தெரியறப்போ விஷயம் கைய மீறிப் போயிருக்கும், அதனால தனியா ஒரு டிஜிட்டல் மீட்டர் போட்டேன். மொத்த மாடிஃபிகேஷன்லயும் சின்ன ஐட்டம், ஆனா நான் அதிகமா பாக்கறது அத தான்.

ஃபோர் வீல் சிஸ்டத்துல கைய வைக்கல, தேவையும் இல்ல. இதுல இருக்கற சூப்பர் செலக்ட் அந்த காலத்துக்கு ரொம்ப நல்ல ஏற்பாடு. 2எச்ல பின் வீல் மட்டும், 4எச்ல நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கறதால மழை ஈரத்துல தார் ரோட்லயும் தைரியமா ஓட்டலாம், 4எச்எல்சி போட்டா அந்த சென்டர் டிஃபரன்ஷியல் லாக் ஆயிடும், காஞ்ச தார் ரோட்ல அத போட்டு வளைச்சா டிரைவ்லைன் இறுகிக்கும். 4எல்எல்சிக்கு, அதாவது அந்த லாக்கோட லோ ரேஞ்சுக்கு, வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல வச்சு தான் மாத்தணும். புதுசா ஓட்டறவங்க லோ ரேஞ்ச கடைசி அஸ்திரமா நினைக்கறாங்க, மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் தான் கை லிவருக்குப் போகும். செங்குத்து எறக்கமோ மெது மணலோ தெரிஞ்சதும் முன்னாடியே போட்டுடணும், ஆட்டோமேட்டிக் பாக்ஸ்னா இன்னும் சீக்கிரம், இல்லன்னா டார்க் கன்வர்ட்டர் (ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சுக்கு பதிலா இருக்கறது) சூடாகி ஆயில் வெந்து போகும்.

டயர் தான் காசு கொடுத்ததுக்கு முழுசா உழைச்ச பொருள். கம்பெனி சைஸ் 265/70ஆர்15, நான் போட்டது 265/75ஆர்15 ஆல் டெரெய்ன் (ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான டயர்). கணக்கு போட்டா விட்டம் 752 மில்லிமீட்டர்ல இருந்து 778 வரைக்கும் வருது, அதாவது ஆக்ஸிலுக்குக் கீழ கிடைக்கறது அதுல பாதி, வெறும் 13 மில்லிமீட்டர். "பெரிய டயர் போட்டேன் வண்டி உயரம் ஆயிடுச்சு"ன்னு சொல்றவங்கள பாத்தா சிரிப்பு தான் வருது. ஸ்பீடோமீட்டர் டயர் மாத்தறதுக்கு முன்னாடி காட்டினத விட மூணரை சதவீதம் கம்மியா காட்டும், அதையும் மனசுல வச்சுக்கணும். மட் டெரெய்ன் (சேத்துக்குன்னே பெரிய கட்டை போட்ட டயர்) வேணாம்னு இருந்துட்டேன், ஹைவேல அந்த ஊளை சத்தத்தோட பின் சீட்ல யாரும் தூங்க முடியாது, ஈர ரோட்ல பிரேக்கும் எனக்கு திருப்தியா இல்ல. ஸ்டெப்னியும் அதே சைஸ்ல இருக்கணும், சென்டர் லாக் பண்ணி ஓடறப்போ ஒரு வீல் மட்டும் சின்னதா இருந்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் தான் அந்த வித்தியாசத்த தின்னும்.

நல்ல டயர விட பெரிய வித்தியாசம் அதுல இருக்கற காத்து. மணல் ஆரம்பிக்கற எடத்துல எறங்கி டீஃப்ளேட்டர (காத்த எறக்கற கருவி) வால்வுல திருகி உள்ள காத்த அடைச்சு நிக்கற வால்வு பின்ன வெளிய இழுத்தா காத்து சீறிக்கிட்டு வரும், 35ல இருந்து 18 பிஎஸ்ஐக்கு வர ஒரு டயருக்கு நிமிஷக் கணக்கு தான். அப்போ உக்காந்து டயர பாருங்க, பக்கத்துல கொஞ்சம் பிதுங்கும், ஆனா உண்மையான மாற்றம் தரையில படற எடத்துல, அது அகலத்துல இல்ல நீளத்துல நீளும். எடை அவ்வளவு பரப்புல பரவினதும் புதையற வண்டி மேல மிதந்து போகும். கல்லு, சரளைப் பாதைக்கு 26, 28 போதும், கடகடன்னு உதறறதும் பாதி கொறஞ்சிடும். 15க்குக் கீழ போனா ஸ்டீரிங் வெடுக்குனு ஒடிக்கக் கூடாது, டயர் ரிம்ம விட்டுக் கழண்டுடும். திரும்ப ரோடு ஏறறப்போ காத்து அடிச்சே ஆகணும், கம்மி காத்துல வேகமா போனா சைடுவால் சூடேறி வெடிக்கும். அதுக்கு ஒரு நல்ல கம்ப்ரஸர், பேட்டரில நேரா மாட்டறது. அது 30 ஆம்பியருக்கு மேல இழுக்கும், லைட்டர் சாக்கெட்ல மாட்டினா ஃப்யூஸ் தான் போகும்.

லிஃப்ட் விஷயத்துல ரெண்டு இஞ்சுக்கும் கம்மியா தான் ஏத்தினேன், அதுவே போதும். பின்னாடி எடைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் ஸ்டிஃப்பான காயிலும் ஷாக்கும். முன்னாடி டார்ஷன் பார்ங்கறதால சும்மா போல்ட்ட திருகினாலே வண்டி ஏறிடும், அங்க தான் ஆசை காட்டி மோசம் பண்ணும். திருகறதால ஸ்ப்ரிங் ஸ்டிஃப் ஆகாது, உயரம் மட்டும் தான் ஏறும், ஏறின அளவுக்கு வீல் கீழ தொங்கற தூரம் கொறஞ்சிடும், பள்ளத்துல வீல் எறங்காம அந்தரத்துல நிக்கும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணம் கூடி சீக்கிரம் தேயும். கொஞ்சம் ஏத்திட்டு அலைன்மென்ட் பண்ணி அதோட விட்டுட்டேன். பின்னாடி உயரம் ஏறினா பனார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கற கம்பி) ஆக்ஸில ஒரு பக்கமா நகத்தும், பிரேக் ஹோஸ் நீளம் பத்துதான்னு வீல தொங்க விட்டு பாக்கணும். இதெல்லாம் செய்யாத ஒர்க்ஷாப்பா இருந்தா வேற எடம் பாத்துக்கறது நல்லது. சட்டத்துல எவ்வளவு உயரம் வரைக்கும் விடறாங்க, சீட்ட கழட்டலாமா, இன்சூரன்ஸ்ல சொல்லணுமான்னு முன்னாடியே விசாரிச்சுடுங்க.

சரி, எடைக் கணக்குக்கு வருவோம். ஸ்டீல் பம்பர் சுமார் 60 கிலோ, விஞ்ச் (மாட்டின வண்டிய கயிறு சுத்தி இழுக்கற மோட்டார்) 35, கூரை டென்ட் 60, டிராயர் செட் 50, ஆனிங் (வண்டி பக்கத்துல விரிக்கற பந்தல்) 15, ரெண்டாவது லெட் ஆசிட் பேட்டரி 28, நிரப்பின ஃப்ரிட்ஜ் 35, 40 லிட்டர் தண்ணி 40. கூட்டிப் பாருங்க, 320 தாண்டிடுச்சு, இன்னும் ஒரு ஆளும் ஏறல. மேனுவல்ல போட்டிருக்கற மொத்த எடை அளவுல இருந்து காலி வண்டி எடைய கழிச்சா கிடைக்கறது தான் நம்ம பட்ஜெட், அதுல குடும்பமும் அடக்கம். நான் எல்லாத்தையும் ஏத்தி, ஆளுங்கள உக்கார வச்சு எடை மேடைல நிறுத்தினேன், முன் ஆக்ஸில் தனியா, பின் ஆக்ஸில் தனியா. பின்னாடி பக்கம் நான் நினைச்சத விட அதிகம் வந்தது, அதுக்கப்புறம் தான் காயில் ஆர்டர் பண்ணேன். பம்பரும் விஞ்ச்சும் வேணாம்னு முடிவு பண்ணதும் அந்த எடை ரசீத பாத்து தான்.

விஞ்ச்சுக்கு பதிலா ரெண்டு ஜோடி டிராக்‌ஷன் போர்டு (வீலுக்குக் கீழ பிடிப்புக்கு வைக்கற பலகை), நல்ல மம்முட்டி, கைனெட்டிக் ரோப் (இழுவைல நீளற கயிறு), சாஃப்ட் ஷேக்கிள் (கயிறால செஞ்ச இணைப்பு வளையம்). முக்கால்வாசி நேரம் காத்த இன்னும் கொஞ்சம் எறக்கி, வீலுக்கு முன்னாடி தோண்டி, போர்ட சொருகினாலே வெளிய வந்துடும். ரோப் போட்டு இழுக்கறதுன்னா ஃப்ரேம்ல போல்ட் பண்ண, ரேட்டிங் போட்ட கொக்கில மட்டும் தான். டோ பால்ல மாட்டி இழுக்கறத பாத்தா அந்த எடத்த விட்டு தள்ளிப் போயிடுங்க, அது ஒடைஞ்சா துப்பாக்கி குண்டு தான், ஆள் செத்திருக்காங்க.

தூங்கற ஏற்பாட்டுல வீட்டுல நிறைய வாக்குவாதம் நடந்துச்சு. புள்ளைங்களுக்கு கூரை டென்ட் தான் வேணும். நண்பரோடத கொஞ்ச நாள் வாங்கி மாட்டிப் பாத்தேன், மேல ஏறிப் படுக்க ஜாலியா தான் இருக்கு, ஆனா பக்கவாட்டு சரிவுல வண்டி சாயறது வயித்துல தெரியும், ஹைவேல டீசல் குடிக்கறதும் தெரியும், நடு ராத்திரி பாத்ரூம் போக ஏணில எறங்கறது அம்மாவுக்கு நடக்காத காரியம். கூரைக்கு ஓடறப்போ தாங்கற அளவு வேற, நின்னப்புறம் தாங்கற அளவு வேற, மேனுவல்ல பாக்க வேண்டியது ஓடறப்போ உள்ள அளவு, அதுல கேரியரோட எடையும் சேரும்.

கடைசில மூணாவது வரிசை சீட்ட கழட்டிட்டு பிளைவுட்ல மேடை அடிச்சேன், கீழ ரெண்டு பக்கமும் பெட்டி, ரெண்டாவது வரிசைய மடக்கினா ரெண்டு பேர் நீட்டிப் படுக்கலாம், மத்தவங்களுக்கு சாதாரண தரை டென்ட். எடை எல்லாம் கீழ, தண்ணி கேன் ரெண்டாவது வரிசைக்கு ஒட்டி. பெட்டிங்க ஃப்ளோர்ல போல்ட் ஆகியிருக்கணும், மேல வலையும் கட்டாயம், சடன் பிரேக் அடிச்சா பின்னாடி இருக்கற குக்கர் நேரா புள்ளைங்க தலைக்கு வரும். முதல் ராத்திரி கண்ணாடி எல்லாத்தையும் ஏத்திட்டு படுத்தோம், விடியறப்போ கண்ணாடில இருந்து தண்ணி கோடு கோடா எறங்கி மெத்தை ஓரம் நனைஞ்சிருந்தது, மழை எதுவும் இல்ல, முழுக்க எங்க மூச்சுக்காத்து. இப்போ ரெண்டு எதிரெதிர் கண்ணாடில கொசுவலை மாட்டி ரெண்டு விரல் அளவு தொறந்து வைக்கறது. குளிருதேன்னு உள்ள அடுப்போ கரியோ பத்த வைக்கறது மட்டும் எந்த காரணத்துக்காகவும் வேணாம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம கொன்னுடும்.

கரண்டு விஷயம் சுருக்கமா. ஃப்ரிட்ஜுக்கான ரெண்டாவது பேட்டரியா முதல்ல லெட் ஆசிட் வச்சிருந்தேன், அப்புறம் 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எடை பாதிக்கும் கம்மி, லெட் ஆசிட்ல பாதி தான் எடுக்கலாம், இதுல கிட்டத்தட்ட முழுசும் எடுக்கலாம். எஞ்சின் ரூம் சூடு அதுக்கு ஆகாது, அதனால உள்ள மேடைக்குக் கீழ. வண்டி பேட்டரிக்கும் அதுக்கும் நடுவுல டிசி டிசி சார்ஜர், ஓடறப்போ அத சரியான வோல்டேஜ்ல சார்ஜ் பண்ணும். ஒயர் தடிமன்ல மிச்சம் புடிக்காதீங்க, மெல்லிசு ஒயர் போட்டா பின்னாடி போறதுக்குள்ள வோல்டேஜ் விழுந்து ஃப்ரிட்ஜ் கட் ஆயிடும். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டி இருக்கணும், ஒயரோட அந்த முனைல இல்ல.

ஸ்நார்கல் (எஞ்சின் காத்த கூரை உயரத்துல இருந்து எடுக்கற குழாய்) போடல. எஞ்சினுக்குள்ள தண்ணி போகாம இருக்க அது சரி, ஆனா தண்ணி போற வழி அது மட்டும் இல்லையே, சூடா இருக்கற டிஃபரன்ஷியல் குளிர் தண்ணில எறங்கினதும் உள்ள காத்து சுருங்கி ப்ரீதர்ங்கற காத்து துவாரம் வழியா தண்ணிய உறிஞ்சும். அதனால ப்ரீதர் ட்யூப நீட்டி எஞ்சின் ரூம் மேல வரைக்கும் கொண்டு வந்துட்டேன், சல்லிசான வேலை. ஆழம் நடந்து பாக்காத தண்ணில எறங்கறதே இல்ல.

தினசரி ஓட்டத்துல மைலேஜ் கொறஞ்சது நிஜம், டயர் எடையும் கூரை கேரியரும் தான் காரணம், ஊர்ல இருக்கறப்போ கேரியர கழட்டி வைக்கறேன். அம்மாவுக்கு சைடு ஸ்டெப் போட்டாச்சு, கல்லுல இடிக்கும்னு தெரிஞ்சே தான். ட்ரிப் முடிஞ்சு வந்ததும் அடிப்பாகம் கழுவி, வீல் நட்டு டைட் பாத்து, தண்ணில எறங்கியிருந்தா டிஃபரன்ஷியல் ஆயில கொஞ்சம் எடுத்து பாக்கறது, பால் மாதிரி வெளுத்திருந்தா உடனே மாத்திடணும். முன்னாடி ரெண்டு பக்கமும் வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் வரைக்கும் டேப் வச்சு அளக்கறதும் உண்டு. போன தடவ டிரைவர் பக்கம் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு, அடுத்த அலைன்மென்ட்டோட சேத்து பாத்துக்கணும்.