இளைக்காமலே ஜெயிக்கும் நாயகிகள்: மூன்று காதல் நாவல்கள்

குண்டான பெண்ணை நாயகியாக வைத்து எழுதிய காதல் கதை என்று யாராவது ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: கடைசிப் பக்கத்தில் அவள் எப்படி இருக்கிறாள்? கதையின் பாதியில் அவள் இளைத்து, புது உடை போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வர, நாயகன் வாயடைத்துப் போய் நின்றான் என்றால், அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் கைமாற்ற மாட்டேன். உடம்பைக் குறைத்ததற்குக் கிடைத்த பரிசைக் காதல் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

எழுத்துக் கூட்டிப் படித்த பருவம் தாண்டியதிலிருந்தே காதல் நாவல் படிக்கிறவள் நான். அப்போதிலிருந்தே என் உடம்பும் இதே உடம்புதான். நான் படித்த கதைகளில் நாயகி என்றால் கொடியிடையாள். நாயகன் மூச்சு வாங்காமல் தூக்கிவிடும் அளவுக்குத்தான் கனம் இருப்பாள். குண்டாக வருகிறவள் எப்போதும் தோழி. நல்ல மனசு, வாய்த்துடுக்கு, நாயகி அழும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பாள். அவள் யாரை நினைத்துத் தூங்காமல் கிடந்தாள் என்று எழுத்தாளருக்குத் தோன்றியதே இல்லை.

நாயகி ஆக்கிவிட்டாலும் சிலருக்கு மனசு முழுசாக வருவதில்லை. ஜூலியா குவினின் பிரிட்ஜர்டன் என்ற காதல் நாவல் வரிசையில் பெனலோப்பி ஆரம்பத்தில் குண்டுப் பெண்ணாக, நடன விருந்துகளில் சுவரோரம் நிற்பாள். 2002இல் அவளுக்கென்று ஒரு நாவல் வந்தபோது, அது தொடங்கும் முன்பே அவள் கணிசமாக இளைத்திருந்தாள். 2024இல் வந்த தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவத்தில் நிக்கோலா காக்லன் அதே பாத்திரத்தில் நடித்தபோது அந்த இளைப்பு இல்லை. அந்த வகையில் திரைக்கே என் ஓட்டு.

அதனால், நாயகி இளைக்காத மூன்று நாவல்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மூன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்திருக்கிறேன். மூன்றும் ஒரே தரம் கிடையாது.

ஜெனிஃபர் குரூசியின் 'பெட் மீ', 2004இல் வந்தது. இந்த வகைக் கதைகள் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். நாயகி மினர்வா டாப்ஸ், எல்லோருக்கும் மின். காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிடும் வேலை. எதையும் சதவீதத்தில் யோசிக்கிறவள். தங்கை கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது, டேவிட் என்கிறவன் அவளை மதுக்கூடத்தில் வைத்துக் கழற்றிவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் அதே டேவிட், கேல் என்ற அழகனிடம் அவளை வைத்துப் பந்தயம் பேசுவது அவள் காதில் விழுகிறது. கேல் வந்து சாப்பிடக் கூப்பிடும்போது, இது பந்தயத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே கூடப் போகிறாள்.

பந்தயம் பழைய உத்தி. அதற்காக நான் இந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதில்லை. மின்னின் அம்மா நானெட்டுக்காக எடுக்கிறேன். மகள் தட்டில் வெண்ணெய் விழுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற அம்மா. தங்கையின் கல்யாணத்துக்கு மின் போட வேண்டிய உடையில் இறுக்கிக் கட்டும் கச்சு ஒன்று இருக்கிறது. அது பொருந்த வேண்டும் என்பது கதை முழுக்க ஒரு கெடுவாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். நானெட் கெட்டவள் இல்லை. மகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதுதான் அவள் கவலை. அந்த நல்லது ஒல்லியானவர்களுக்கு மட்டுமே நடக்கும் என்று மனசார நம்புகிறாள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பாசத்தோடு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சிகளைப் படிக்கும்போது வயிறு இறுகும். எனக்கு இறுகியது. 'முகம் நல்லா களையா இருக்கு, உடம்பை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ' என்று அன்பாகத் தலையைத் தடவிச் சொன்னவர்கள் எத்தனை பேர்! திருப்பித் திட்டவும் முடியாது, மறக்கவும் முடியாது.

இந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது மின் தானே சமைக்க முயலும் இடம். உணவகத்தில் கேல் வாங்கிக் கொடுத்த சிக்கன் மார்சாலா என்ற கோழி உணவின் ருசி நாக்கிலேயே நிற்க, அதை வீட்டில் செய்து பார்க்கிறாள். உணவுக்கட்டுப்பாடு மனசில் இருப்பதால் கொழுப்பு சேர்க்கும் பொருள் ஒவ்வொன்றையும் கழித்துவிட்டுச் செய்கிறாள். வாயில் வைக்க முடியாத ஒன்றுதான் மிஞ்சுகிறது. பிறகு கேல் வந்து, அதே அடுப்பில், கழித்ததையெல்லாம் சேர்த்துச் செய்து காட்டுகிறான். தன் ஆசைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து வாழ்ந்தவள் மின் என்பது அந்த ஒரு வாணலியிலேயே தெரிந்துவிடுகிறது. குரூசி அதைப் பற்றி ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை.

இன்னொரு இடத்தில் கேல் அவளிடம் நேராகவே சொல்கிறான்: நீ ஒல்லியாகப் போவதில்லை, உன் உடம்பின் வார்ப்பு இது. பிறகுதான் அந்த உடம்பை எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்லத் தொடங்குகிறான். 'நீ குண்டே இல்லை' என்று மறுத்துப் பேசும் ஆறுதலைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மை. குண்டாக இருக்கிறவளுக்குத் தான் குண்டு என்று தெரியாதா என்ன?

குறையும் சொல்ல வேண்டும். கேல் அவளுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறான். ரொட்டியைச் சாப்பிடு, இதை ருசி பார் என்று, அவள் வேண்டாம் என்ற பிறகும் விடுவதில்லை. பூங்காவில் டோநட் ஊட்டும் காட்சி பலருக்கும் பிடித்தது. அதன் கிளர்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனாலும் அம்மா 'சாப்பிடாதே' என்கிறாள், காதலன் 'சாப்பிடு' என்கிறான். அவளுக்கு என்ன பசி என்று கேட்க ஆளில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது இது இன்னும் உறுத்தியது. இருந்தும், 2005இல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருதை இது வாங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உரையாடல் அப்படிப் பறக்கிறது.

அடுத்தது ஒலிவியா டேடின் 'ஸ்பாய்லர் அலர்ட்', 2020. பதினாறு வருட இடைவெளி ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஏப்ரல் விட்டியர் நிலவியலாளர். தான் குண்டு என்பதைத் தன் உயரத்தைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்கிறவள். அவளுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் மேல் தீராத பித்து. அதன் பாத்திரங்களை வைத்து ரசிகர் புனைகதையும் எழுதுகிறாள். அந்தத் தொடரின் ஒரு பாத்திரம்போல் உடையணிந்து எடுத்த படத்தை இணையத்தில் போட, கேலி செய்யும் கும்பல் வந்து சேர்கிறது. அந்தக் கும்பலின் நடுவில், தொடரின் நாயக நடிகன் மார்கஸே அவளைச் சாப்பிட வரச் சொல்லி எல்லோரும் பார்க்க அழைக்கிறான். இருவரும் பல காலமாகப் புனைபெயரில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்கள் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

அட்டையைப் பார்த்தே நான் வாங்கிய புத்தகம் இது. லெனி காஃப்மன் வரைந்த படம். நாயகி குண்டாக, அட்டையிலேயே, நாயகனின் அணைப்பில் இருக்கிறாள். இந்த வகை நாவல்களுக்கு வெறும் செருப்பையோ கேக்கையோ அட்டையில் போட்டு ஆளை ஒளித்து வைத்துப் பார்த்துச் சலித்த கண்களுக்கு அது பெரிய விஷயம்.

மார்கஸ் நடிகன். என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறோம் என்று கணக்கு வைத்தே வாழ்கிறவன். அந்தப் பழக்கத்தில் அவன் சொல்லும் ஒன்றிரண்டு பேச்சுகள் ஏப்ரல் காதில் வேறு மாதிரி விழுகின்றன. இவனும் என்னை மாற்றத்தான் வந்திருக்கிறான் என்று முடிவுகட்டி எழுந்துவிடுகிறாள். அந்த நொடியில் அவள் முதுகு விறைப்பதை டேட் எழுதியிருக்கும் விதம் அவ்வளவு துல்லியம். அழுகை, கூச்சல் எதுவும் இல்லை. முன்பே பழகிப்போன ஒரு ஏமாற்றம், அதிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிட வேண்டும் என்ற அவசரம். 'நீ தப்பாகப் புரிந்துகொண்டாய்' என்பதோடு மார்கஸ் நிறுத்திக்கொள்வதில்லை. அவளுக்கு ஏன் அப்படிக் கேட்டது என்று புரிந்துகொள்ளப் பார்க்கிறான். கேலிடம் நான் எதிர்பார்த்து ஏமாந்தது இதுதான்.

இங்கேயும் ஓர் அம்மா உண்டு. ஏப்ரலின் அப்பாவுக்குக் குண்டு என்றால் ஆகாது. கணவரின் அந்த வெறுப்புக்கு ஈடுகொடுத்தே ஆயுளைக் கழித்த அம்மா, மகள் உடம்பையும் அதே பயத்தோடு கண்காணிக்கிறாள். என் உடம்பைப் பற்றி இனிமேல் என்னிடம் பேசக்கூடாது என்று ஏப்ரல் அம்மாவுக்கு வரம்பு கட்டும் கட்டம்தான் எனக்கு நாவலின் உச்சம். காதலர்கள் சேர்வதைவிட அது பெரியது. அதைப் படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்திருந்தேன்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கேலுக்கும் சரி, மார்கஸுக்கும் சரி, எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா இருக்கிறது. இருவரையும் பெற்றவர்களே மட்டமாக நினைத்தார்கள். மின்னுக்கும் ஏப்ரலுக்கும் உடம்பு, இவர்களுக்குப் படிப்பு. 'கொஞ்சம் முயற்சி செய்தால் சரியாகிவிடும்' என்ற அதே வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த இரண்டு பேரை ஜோடி சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் இவர்களுடைய காதலில் இரக்கத்தின் வாடை இல்லை. ஒருவர் வலி இன்னொருவருக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது.

'ஸ்பாய்லர் அலர்ட்' இழுவையாகப் போகும் இடமும் உண்டு. முதல் சந்திப்பிலேயே அவள் யார் என்று மார்கஸுக்குத் தெரிந்துவிடுகிறது. தான் யார் என்பதை மட்டும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான். காரணம் நியாயமானதுதான். ஆனால் நூறு பக்கத்தில் உடைய வேண்டிய ரகசியத்தை முக்கால் கதை வரை சுமப்பது எனக்கு அலுப்பு. அத்தியாயங்களுக்கு நடுவே வரும் ரசிகர் கதைகளும், மார்கஸ் முன்பு நடித்த மோசமான படங்களின் வசனப் பகுதிகளும்தான் அந்த அலுப்பைப் போக்கின.

மூன்றாவது, டாலியா ஹிபர்ட்டின் 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்', 2019. இங்கிலாந்தில் நடக்கும் கதை. க்ளோயி கறுப்பினப் பெண், குண்டானவள், ஃபைப்ரோமயால்ஜியா என்ற தீராத உடல்வலியோடு வாழ்கிறவள். மோத வந்த காரிலிருந்து மயிரிழையில் தப்பியதும், இதுவரை நான் வாழவே இல்லையே என்று செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் போடுகிறாள். தனி வீடு எடுக்கிறாள். அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் ரெட், ஓவியன். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன். அவள் அவனுக்கு வலைத்தளம் செய்துகொடுப்பது, அவன் அவளுடைய பட்டியலுக்குத் துணை நிற்பது என்று ஒப்பந்தம்.

இதில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. அவள் குண்டு, அழகாக உடுத்துவாள், ரெட் அவளைப் பார்த்துக் கிறங்குகிறான், தீர்ந்தது. கச்சும் இல்லை, சாப்பாட்டு மேசையில் கண்காணிப்பும் இல்லை. அவளுடைய கவலையெல்லாம் வலி: இன்றைக்கு எவ்வளவு சக்தி மிச்சம், இதைச் செய்தால் நாளைக்கு எழ முடியுமா, வலி வந்ததும் விட்டுவிட்டுப் போன பழைய மனிதர்கள்போல் இவனும் போவானா. குண்டான நாயகிக்கு உடம்பைத் தவிர வேறு கவலையும் இருக்கலாம் என்று ஒரு எழுத்தாளருக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய நிம்மதி. ஒலிநூலாகவும் கேட்கலாம், அட்ஜோவா ஆண்டோ வாசித்திருக்கிறார், பிரிட்ஜர்டன் தொடரில் லேடி டான்பரியாக வருகிறாரே, அவரேதான். அந்தக் குரலில் க்ளோயியின் மிடுக்கு இன்னும் தூக்கலாகக் கேட்கிறது.

முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால், வீட்டுக்குள்ளேயே உடம்பைப் பற்றிப் பேச்சு வாங்கியவர்கள் 'ஸ்பாய்லர் அலர்ட்' எடுங்கள். அந்தப் பேச்சே கேட்க வேண்டாம், ஓய்வாகக் காதல் கதை படிக்க வேண்டும் என்பவர்களுக்கு க்ளோயி. இந்த இரண்டிலும் படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே வரும், தெரிந்துகொண்டு எடுங்கள். வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமென்றால் 'பெட் மீ'. உணவுக்கட்டுப்பாட்டோடு போராடி மீண்டவர்கள் மட்டும் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

மூன்றிலும் எனக்குத் தீராத குறை ஒன்று. நாயகன் மட்டும் எப்போதும் ஊரே திரும்பிப் பார்க்கும் அழகன். கேலைப் பார்த்துப் பெண்கள் கிறங்குகிறார்கள், மார்கஸ் நட்சத்திரம், ரெட்டும் குறைந்தவன் இல்லை. குண்டுப் பெண்ணுக்கு மதிப்பு வர அப்படி ஒருவனின் சான்றிதழ் ஏன் வேண்டும்? ஒலிவியா டேட் இதை யோசித்திருக்க வேண்டும். 'ஸ்பாய்லர் அலர்ட்' வரிசையிலேயே 2022இல் வந்த 'ஷிப் ரெக்ட்' நாவலில் நாயகி மரியா, நாயகன் பீட்டர் இருவருமே பருத்த உடம்புக்காரர்கள், இருவருமே நடிகர்கள். அதைப் பாதி படித்திருக்கிறேன். முடித்ததும் தனியாக எழுதுகிறேன்.