பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன்: யாருக்கு அவசியம், யாருக்கு வீண் செலவு?

புராஸ்டேட் புற்றுசெல்களின் மேலிருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தில் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஏற்றி, புற்று எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒளிரக் காட்டுவது பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். புற்று எந்த ஸ்டேஜில் இருக்கிறது என்று இந்த ஒரே ஸ்கேன் சொல்லிவிடும் என நம்பித்தான் பலர் பணம் கட்டுகிறார்கள். சொல்லாது. ஸ்டேஜ் என்பது ஸ்கேன், பிஎஸ்ஏ (ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதம்) அளவு, பயாப்ஸியில் (திசுப் பரிசோதனை) தெரியும் புற்றின் தீவிரத்துக்கான கிரேடு, அதாவது க்ளீசன் எண், மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. க்ளீசன் 9 அல்லது 10 வந்தால், கட்டி சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தாலும் ஸ்டேஜ் 3சி. கட்டி சுரப்பிக்குள் அடங்கியிருக்கிறது, க்ளீசன் 8 வரைதான், ஆனால் பிஎஸ்ஏ 20-ஐத் தொட்டுவிட்டது என்றால் 3ஏ.

பெட்டின் வேலை அதற்கு அடுத்த கேள்வி: பரவியிருக்கிறதா? இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களில் மட்டும் என்றால் 4ஏ. எலும்புக்கோ வேறு உறுப்புக்கோ இடுப்பைத் தாண்டிய கணுக்களுக்கோ போயிருந்தால் 4பி. இதில் பழைய ஜோடியான எலும்பு ஸ்கேனும் சிடியும் இதனிடம் தோற்றுவிட்டன. ஆஸ்திரேலியாவில் அபாயம் அதிகமுள்ள 302 பேரை வைத்து ஒப்பிட்டபோது (2020-இல் வெளியானது) துல்லியம் பெட்டுக்கு 92 சதவீதம், பழைய ஜோடிக்கு 65 சதவீதம். கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு.

பிஎஸ்ஏ 10-க்குக் கீழே, க்ளீசன் 6, கட்டியும் சிறியது என்றால் இந்தச் செலவு வேண்டாம். கட்டி சுரப்பியின் உறையைக் கிழித்திருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐதான் மேல்.

முன்பதிவு செய்யும்போதே எந்த மருந்து ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். காலியம்-68 என்றால் 68 நிமிடத்தில் வீரியம் பாதியாகிவிடும். தாமதமாகப் போனால் உங்களுக்கான டோஸ் வீணாகும். அது சிறுநீரில் வெளியேறுவதால் மூத்திரப்பை பளிச்சென்று தெரிந்து பக்கத்திலிருக்கும் புள்ளிகளை மறைக்கும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்கேனுக்குப் படுப்பதற்குச் சற்று முன் சிறுநீர் கழிக்கச் சொல்வது இதனால்தான். ஃபுளோரின்-18 வகையான பிஎஸ்எம்ஏ-1007-இல் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் விலா எலும்பில் ஒற்றைப் புள்ளி காட்டிப் பயமுறுத்தும், அதில் பெரும்பாலானவை புற்றே அல்ல. மற்ற புற்றுகளுக்குக் கதிரியக்கச் சர்க்கரை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் போலப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஊசிக்குப் பின் மருந்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் காத்திருப்பு, மெஷினில் சுமார் 20 நிமிடம்.

ஹார்மோன் ஊசி போடுவதற்கு முன்பே ஸ்கேன் முடித்துவிடுவது நல்லது. ஊசி, புற்றுசெல்கள் மருந்தை ஈர்க்கும் அளவையே மாற்றிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லாம் இயல்பாகவே ஒளிரும், படத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். மாறாக, சில புற்றுகளில் பிஎஸ்எம்ஏ புரதமே இருக்காது. க்ளீசன் அதிகம், ரிப்போர்ட் மட்டும் சுத்தம் என்றால் மருத்துவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஒரே ஒரு எலும்புப் புள்ளியை நம்பி 4பி என்று எழுதினால் அறுவையே கைவிடப்படலாம். அதனால் அந்த இடத்தை எம்ஆர்ஐயிலோ பயாப்ஸியிலோ உறுதிசெய்யச் சொல்லுங்கள். அச்சடித்த தாளோடு திரும்பிவிடாமல், டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூலப் படக் கோப்புகள்) அடங்கிய குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும் இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.