கள்ளக் கொப்பிக்கு வங்குரோத்து: கேம் டெவ் டைகூன் வாங்கலாமா?

கம்பனி நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். புதிதாக வெளியிட்ட கேமுக்கு விமர்சகர்கள் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பார்கள். ஆனால் விற்பனை மட்டும் கிழமைக்குக் கிழமை சரியும். பிறகு திரையில் ஒரு பெட்டி திறந்து, வேலையாள் முதலாளிக்குச் சொல்வார்: எங்கள் கேமை நிறையப் பேர் விளையாடுகிறார்கள், ஆனால் காசு கொடுத்து வாங்காமல் உடைத்த பதிப்பைத்தான் இறக்குகிறார்கள், இப்படியே போனால் வங்குரோத்துதான். அதன் பிறகு எவ்வளவு நல்ல கேம் செய்தாலும் கம்பனி மூழ்கும்.

இது, கேம் செய்யும் கம்பனி ஒன்றை நாமே நடத்தும் கணினி விளையாட்டான கேம் டெவ் டைகூனின் கள்ளக் கொப்பியில் நடப்பது. அந்தக் கொப்பியை, ஆளுக்காள் இணையத்தில் கோப்புப் பகிரும் டொரென்டில் ஏற்றியதும் கேமைச் செய்தவர்களேதான். பட்ரிக் குளூக், டானியல் குளூக் என்ற சகோதரர்களின் கிரீன்ஹார்ட் கேம்ஸ் 2013 ஏப்ரல் கடைசியில் தங்கள் சொந்தத் தளத்தில் விற்பனையைத் தொடங்கிய கையோடு, இந்த மாற்றிய பதிப்பையும் கடலில் இறக்கிவிட்டது. முதல் நாள் முடிவில் காசு கொடுத்து விளையாடியவர்கள் 214 பேர், கள்ளக் கொப்பியில் விளையாடியவர்கள் 3,104 பேர். நூற்றுக்கு 93.6. விலையோ அப்போது வெறும் 7.99 டொலர், கொப்பியடிப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் போடாத கேம்.

இதைவிடச் சுவையானது பிறகு நடந்தது. கள்ளக் கொப்பிக்காரர்களே இணையத்தில் வந்து, "கள்ளக் கொப்பியால் என் கம்பனி அழிகிறது, டி.ஆர்.எம் பூட்டை ஆராய்ச்சி செய்ய வழியிருக்கிறதா?" என்ற தோரணையில் உதவி கேட்டார்கள். டி.ஆர்.எம் என்பது கொப்பியடிப்பதைத் தடுக்கும் அந்தப் பூட்டுத்தான். கொள்ளையடித்த கப்பலில் நின்றுகொண்டு கொள்ளையர் பயம் என்று கூப்பிட்டது போல. திட்டாமல், வழக்குப் போடாமல், விளையாட்டின் கணக்குக்குள்ளேயே ஆளை இருத்திக் காட்டிய இந்தக் கெட்டித்தனத்துக்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

கேம் எப்படி? 1980களில், ஒரு கராஜில், ஒரு ஆளோடு தொடங்கும். தலைப்பு ஒன்று, வகை ஒன்று, எந்தக் கருவிக்கு என்று ஒன்று தெரிவுசெய்தால் வேலை ஆரம்பிக்கும். அந்தக் காலத்து வீட்டுக் கணினியான கொமடோர் 64 இங்கே ஜி64 என்ற பெயரில் வரும். மற்றக் கருவிகளும் இப்படி வேடம் போட்டவைதான், பழைய கேம் பைத்தியங்கள் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு சிரிப்பார்கள். தலைப்புகளில் கடற்கொள்ளையரும் உண்டு. பாய்க்கப்பல் என்றதும் யாழ்ப்பாணத்தவருக்கு முதலில் ஞாபகம் வருவது, வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போன அன்னபூரணிதானே. கம்பனிக்கு அந்தப் பெயரையே வைக்கலாம். கேமில் தமிழ் இல்லாதபடியால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம் மூன்று கட்டமாக வரும் இழுபட்டைகள். முதற் கட்டத்தில் எஞ்சின் (கேமை இயக்கும் அடித்தள மென்பொருள்), விளையாட்டு முறை, கதை என்று மூன்று பட்டை. எல்லாவற்றையும் உச்சிக்குத் தள்ளிவிட்டால் எல்லாமே நன்றாக வரும் என்று பெடியள் நினைக்கிறார்கள். வராது. பட்டைகள் நேரத்தைப் பங்குபோடுகின்றனவே தவிர, கூட்டுவதில்லை. மூன்றையும் உச்சியில் வைப்பதும் மூன்றையும் நடுவில் வைப்பதும் ஒன்றுதான். ஒன்றைக் குறைத்தால்தான் மற்றது கூடும். அக்‌ஷன் கேம் என்றால் எஞ்சினையும் விளையாட்டு முறையையும் ஏற்றி, கதையை இறக்குங்கள். அடுத்த கட்டத்தில் உரையாடல் வேண்டாம், லெவல் வடிவமைப்பும் செயற்கை அறிவும் போதும். ஆர்.பி.ஜி, அதாவது கதாபாத்திரமாகவே வாழ்ந்து விளையாடும் வகை என்றால் நேர்மாறு: கதையும் உரையாடலும் மேலே, எஞ்சினும் செயற்கை அறிவும் கீழே, கடைசிக் கட்டத்தில் உலக வடிவமைப்பு மேலே, ஒலி கீழே.

வேலை முடியும் தறுவாயில் முடிக்கும் பொத்தான் வந்துவிடும். அவசரப்பட்டு அமத்தாதீர்கள். பிழைகளின் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள், மிச்சப் பிழை ஒவ்வொன்றும் மதிப்பெண்ணைத் தின்னும். விற்பனைக்கு விட்ட பிறகு அந்தக் கேமுக்கு அறிக்கை தயாரிக்க மறக்கவேண்டாம். ஆராய்ச்சிப் புள்ளி கிடைப்பதோடு, எந்தத் தலைப்பு எந்த வகைக்குப் பொருந்தும் என்பதும் அதில்தான் பதிவாகும். ஒரே தலைப்பையும் வகையையும் அடுத்தடுத்துச் செய்தால் தண்டனை உண்டு.

இன்னொரு உள்விஷயம். மதிப்பெண் உங்கள் பழைய சாதனையோடு ஒப்பிட்டே போடப்படுகிறது. புதிய எஞ்சின், புதிய ஆட்கள், பெரிய கேம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உச்சத்துக்குப் பாய்ந்தால், அடுத்த கேம் அந்த உச்சத்தைத் தாண்டாவிட்டால் அடி விழும். கையில் உள்ள புதுமைகளைப் பிரித்து, ஒவ்வொரு கேமிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதே வழி. 10 லட்சம் சேர்ந்ததும் கராஜை விட்டு அலுவலகத்துக்குப் போகலாமா என்று கேட்கும். உடனே ஓம் சொல்லாதீர்கள். மாதச் செலவு அன்றிலிருந்தே ஏறும், சம்பளம் வேறு. இன்னும் இரண்டு மூன்று கேம் கராஜில் செய்து காசைப் பெருக்கிக்கொண்டு போவது நல்லது. பதிப்பாளரோடு ஒப்பந்தம் எடுத்தால் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் தண்டப்பணத்தையும் கவனியுங்கள். ஆட்கள் களைத்தால் லீவில் அனுப்புங்கள், களைத்த ஆளால் வேலை நகராது.

குறையும் சொல்லவேண்டும். பொருத்தங்கள் மனப்பாடமான பிறகு சுவை குறையும். பிற்பகுதியில் ஒரே வட்டம்தான், அடிப்படை யோசனைக்கு கைரோசொப்டின் கேம் டெவ் ஸ்டோரிக்குக் கடன்பட்டதும் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் முதல் ஆட்டத்தின் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கொடுத்த காசுக்கு மேல்.

யாழ்ப்பாணத்திலிருந்து வாங்குவது எப்படி? ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இருக்கிறது, விலை டொலரில் காட்டும். வங்கி டெபிட் கார்டு போதும், ஆனால் வெளிநாட்டு இணையக் கொள்வனவு வசதி திறந்திருக்கவேண்டும். கார்டு மறுக்கப்படுவதற்கு முதற் காரணம் இதுதான். வங்கியின் செயலியிலோ கிளையிலோ திறக்கலாம். இரண்டாவது காரணம், வங்கி அனுப்பும் ஒரு தடவைக் கடவு எண் (ஓ.டி.பி) பழைய போன் இலக்கத்துக்குப் போவது. வாங்க முன்னர் இலக்கத்தைப் புதுப்பியுங்கள், மறுத்த கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஸ்டீம் கொஞ்ச நேரம் கொள்வனவையே நிறுத்திவைக்கும். இருக்கும் நாட்டை மறைக்கும் வி.பி.என் போட்டு வேறு நாட்டு விலையில் வாங்கப் பார்க்காதீர்கள், கணக்குக்கே கட்டுப்பாடு வரும். கணக்குச் சீட்டில் விழும் ரூபாய், வங்கியின் மாற்று விகிதமும் கட்டணமும் சேர்ந்தது என்பதால் நீங்கள் பெருக்கிப் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பிடிக்கவில்லையா, வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். பென் ட்ரைவில் ஏற்றித் தரும் கொப்பிக்கு இந்த வசதி கிடையாது. அதை நிறுவும்போது அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், அந்த இடத்திலேயே கையை எடுங்கள்: கேமோடு வேறு எது ஏறுகிறது என்பதை அதன் பிறகு பார்க்க ஆளில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலைக் காக்கிறது.

கள்ளக் கொப்பியோடு விளையாடிய கேம்கள் வேறும் உண்டு. 1990இல் வந்த த சீக்ரெட் ஒஃப் மங்கி ஐலண்ட் பெட்டிக்குள் கடற்கொள்ளையர் முகங்கள் அச்சிட்ட அட்டைச் சக்கரம் இருந்தது. திரையில் வரும் முகத்துக்குப் பொருத்தமாக மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சுழற்றி, கேட்ட ஆண்டைத் தட்டவேண்டும். 2009 பட்மான் ஆர்க்காம் அசைலத்தின் கள்ளக் கொப்பியில் போர்வையை விரித்து மிதக்கமுடியாது. 2011 சீரியஸ் சாம் 3இல் சாகவே சாகாத தேள் ஒன்று துரத்தும். எனக்குப் பிடித்தது 2012இல் கணினிக்கு வந்த அலன் வேக்: எதையும் தடுக்காது, கதாநாயகனின் ஒரு கண்ணில் கறுப்புக் கட்டு மட்டும் போட்டுவிடும். உருக்கமான கட்டங்களிலும் அவர் ஒற்றைக் கண்ணோடுதான் ஓடுவார்.

கேம் டெவ் டைகூனின் போன் பதிப்பில் அந்தப் பழைய குறும்பு பைரேட் மோட் என்று, மிகக் கடினமான தனி ஆட்டமாகவே வந்திருக்கிறது. ஒரு தடவை காசு கொடுத்தால் சரி, விளம்பரமோ உள்ளே வேறு கட்டணமோ இல்லை. முதலில் சாதாரண ஆட்டத்தை ஒரு தடவை முடித்து, பொருத்தங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு அதற்குள் இறங்குங்கள். அதில் வங்குரோத்து வேகமாக வரும்.