முறுகிய அம்ப்பிலிருந்து தெளிந்த நாதம்: லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப்

கல்லடியில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கும் நான், பலவகைக் கிற்றார் அம்ப்களின் (ஒலிபெருக்கிகளின்) நாதத்தை மின்னணு மாதிரிகளாகத் தரும், 2018இல் வெளிவந்த லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப் கருவியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தெளிந்த நாதத்துக்கு ஃபெண்டர் நிறுவன அம்ப்களைத் தழுவிய மாதிரிகளே போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் முறுகிய, அதாவது கரகரப்பான, நாதத்துக்குப் பெயர்பெற்ற மார்ஷல் ஜேசிஎம் 800 வால்வு அம்ப்பைத் தழுவிய 'பிரிட் 2204' மாதிரியில் கிடைக்கும் தெளிவே என் மனத்தைக் கவர்ந்தது.

முறுகலின் அளவைத் தீர்மானிக்கும் டிரைவை 2க்குக் கீழே இறக்கி, அதனால் குறையும் சத்தத்தைச் சனல் வொலியூமால் ஈடுசெய்ய வேண்டும். மாஸ்டர் வொலியூமைக் கூட்டினால், ஒலிக்கு இறுதியில் வலுவூட்டும் பவர் அம்ப் பகுதியும் முறுகத் தொடங்கும், சனல் வொலியூமோ நாதத்தின் தன்மையை மாற்றாமல் அளவை மட்டுமே உயர்த்தும். பின்னர் கிற்றாரின் வொலியூமை 10இலிருந்து 6க்குக் குறைத்து டி கோர்டை விரல் நுனியால் மெல்ல வருடினால், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே மணிபோல் ஒலிக்கிறது. பிக்கால் அழுத்தி அடித்தால் ஓரத்தில் மட்டும் இலேசான கரகரப்பு எழுகிறது. இந்த உயிர்ப்பு, முற்றிலும் சுத்தமான அம்ப் மாதிரிகளில் எனக்குக் கிடைத்ததில்லை.

வொலியூமைக் குறைக்கும்போது உச்ச ஒலிகள் மங்குவது கிற்றாரின் மின்சுற்றால் வருவது. வொலியூம் குமிழில் உச்ச ஒலிகளைக் கடந்துபோக விடும் ஒரு சிறு கொள்ளளவியை (கப்பாசிட்டரை) பற்றவைத்ததும் அது பெரிதும் சீரானது.