29ஆ, 35ஆ, 40ஆ? பிக்கப் டயருக்கு எவ்வளவு காற்று

மூன்று எண்களிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வண்டி இரட்டைக் கேபின் டீசல் பிக்கப், நான்கு சக்கர இயக்கம் கொண்டது. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில். தினமும் பினாங்குப் பாலம், வார இறுதியில் பாலிக் புலாவ் வளைவுகள், டுரியான் பருவத்தில் இரண்டு மூன்று முறை செம்மண் தோட்டப் பாதை. கணக்குப் பார்த்தால் வண்டி ஓடுவதெல்லாம் தார்ச் சாலையில்தான். அதனால் சேற்றுக்கும் மணலுக்கும் காற்றை 20க்குக் கீழே இறக்கும் வித்தையை இங்கே தொடப் போவதில்லை. அப்படி இறக்கினால் தாருக்கு ஏறும் முன் திரும்ப அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் 29. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண் இது: சுமை இல்லாத வண்டிக்கு 29 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு), அதாவது 200 கிலோபாஸ்கல். சொகுசுக்கு இதற்கு ஈடில்லை. பாலத்தின் இணைப்புகளில் வண்டி மிதந்து போகும், பின் இருக்கையில் அம்மா தூங்கிவிடுவார். வண்டி வாங்கிய முதல் இரண்டரை ஆண்டுகள் இப்படித்தான் ஓட்டினேன். கடைசியில் டயரின் இரண்டு தோள்களும், அதாவது தரையைத் தொடும் பரப்பின் இரு ஓரங்களும், மழித்தது போல் ஆகிவிட்டன, நடுவில் மட்டும் பள்ளம் நன்றாக இருந்தது. (பள்ள வடிவத்தை மலாயில் 'புங்ஙா தாயார்' என்பார்கள், டயரின் பூ. என் தாயார் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார்.) நடுவில் பூ இருந்து என்ன பயன்? தோள் 1.6 மில்லிமீட்டர் தேய்மான அடையாளத்தைத் தொட்டால் நான்கையும் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த ஜோடிகளுக்கு ஆல் டெரெய்ன் வகைக்கு, அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயருக்கு, மாறினேன். டயர்க் கடைக்காரர், "அண்ணே, நாற்பது அடைத்திருக்கிறேன், எண்ணெய் மிச்சமாகும்" என்றார். 40 என்றால் ஏறத்தாழ 280 கிலோபாஸ்கல். ஸ்டியரிங் இலகுவானது உண்மை. எண்ணெய் மிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் செலவு சுமார் 0.2 சதவிகிதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியபோது நானும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 29க்கும் 35க்கும் இடையே ஆறு பிஎஸ்ஐ, எழுபது லிட்டருக்கு மிஞ்சுவது இரண்டு வெள்ளி எண்பது காசு. ஒரு தே தாரேக், நம் இழுத்த தேநீர். அதற்காக இடுப்பைக் கொடுக்க முடியாது. பிக்கப்பின் பின்பக்கம் இலைவில், சுமைக்கென்று செய்த விறைப்பான பட்டைச் சுருள். சுமை இல்லாதபோது 40 அடைத்தால் சாலையில் ஒரு நாணயம் கிடந்தாலும் தெரியும். பின் டயர்களின் நடுப்பகுதி வேறு வேகமாகத் தேய ஆரம்பித்தது. டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அந்த அளவுக்கு அடைப்பவர்களும் உண்டு. அது டயர் தாங்கும் உச்ச அளவு, நாம் வைக்க வேண்டிய அளவு அல்ல.

இப்போது வைத்திருப்பது முன்னால் 35, பின்னால் 33. டீசல் இயந்திரத்தின் பாரம் முன்னால் இருப்பதால் அந்த இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம். ஒன்றரை ஆண்டாகிறது, இதையே வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

காரணம் சொகுசோ எண்ணெயோ அல்ல, என் சோம்பேறித்தனம். 29 தவறான எண் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டியைச் செய்தவர்கள், அதனோடு வந்த டயருக்காக வைத்த எண் அது. ஆனால் அது குளிர்ந்த டயருக்கான எண், அதாவது இரவெல்லாம் நின்ற வண்டிக்கு. நான் காற்று அடைத்தது எப்போது? வேலை முடிந்து, பாலத்தைத் தாண்டி, எண்ணெய் நிலையத்தில் நின்றபோது. இருபது கிலோமீட்டர் ஓடிய டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறியிருக்கும். சூட்டில் 29 பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போனால் காலையில் அது 25. மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே கசியும். இரண்டு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் 22, 23. அந்த நிலையில் தோள் தேயாமல் வேறு என்ன செய்யும்? நான் 29இல் ஓட்டியதாக நினைத்த காலமெல்லாம் ஒரு நாள்கூட 29இல் ஓட்டவில்லை என்பது, குளிர்ந்த டயரில் வைத்துப் பார்க்க ஓர் அளவுமானி வாங்கிய பிறகுதான் விளங்கியது. 35இல் தொடங்கினால் மறதி இரண்டு மாதம் நீண்டாலும் 31, 32க்குக் கீழே போகாது.

இன்னொரு காரணமும் உண்டு. எல்டி (லைட் டிரக்) முத்திரையுள்ள கனத்த டயர், அதே அளவு சுமையைத் தாங்கச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றுக் கேட்கும். என்னுடையது அந்த வகை, கதவுத் தாளுக்கு அது தெரியாது. வண்டியோடு வந்த டயரையே இன்னும் வைத்திருந்து, மாதம் ஒருமுறை காலையில் அளக்கும் ஒழுக்கமும் உள்ளவர் கதவு எண்ணோடு நிற்கலாம், அவர் டயர் சீராகவே தேயும்.

எனக்கு ஏற்ற எண்ணைக் கண்டுபிடிக்க உதவியது ஆஸ்திரேலிய நான்கு சக்கர ஓட்டுநர்களிடையே புழங்கும் ஒரு கைமுறை. குளிர்ந்தபோது அளந்துகொள்ள வேண்டும், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். சாதாரண டயரில் நான்கு, எல்டியில் ஆறு பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் காற்றுக் குறைவு, டயர் நெளிந்து நெளிந்து சூடாகிறது. அதைவிடக் குறைவாக ஏறினால் காற்று அதிகம். இந்த டயரிலேயே 29 வைத்து ஈப்போ பக்கம் போனபோது எட்டு ஏறியது, 35இல் ஐந்தரை.

மழையைப் பொறுத்தவரை கூடுதல் காற்றுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும் என்று 1960களில் நாசா ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அதன்படி 29க்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகம், 35க்குச் சுமார் 98. விமானச் சக்கரங்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் பிக்கப்புக்கு அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம்தான். பூ தேய்ந்துவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

இழுவண்டி இழுத்த அனுபவம் எனக்கு இல்லை. சுமை ஏற்றியது தைப்பூசத்துக்குத்தான். போன முறை தண்ணீர்மலை முருகன் கோயில் தண்ணீர்ப் பந்தலுக்கு மூன்று டிரம் தண்ணீர், ஏறக்குறைய அறுநூறு கிலோ. பின் டயர்களுக்கு 40 அடைத்தேன், வண்டி நிமிர்ந்து நின்றது. ஆனால் இறக்கிவிட்டுத் திரும்பும்போது காற்றைக் குறைக்க மறந்துவிட்டேன். நள்ளிரவில் அந்த மூன்று வெற்று டிரம்களும் பாலம் முடியும்வரை பின்னால் உறுமி மேளம் கொட்டிக்கொண்டே வந்தன.