செவன்-இலெவனா, லாசனா, ஃபேமிலிமார்ட்டா? ஜப்பான் பயணிகளுக்கு ஓர் ஒப்பீடு

ஜப்பானுக்குப் போய்வந்தவர்களிடம் அங்குள்ள கன்வீனியன்ஸ் ஸ்டோர்கள் என்னும் அன்றாடத் தேவைக் கடைகளைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் முட்டை சாண்ட்விச்சிலோ பொரித்த கோழியிலோதான் பேச்சைத் தொடங்குவார்கள். உண்மையில், சாப்பாட்டைப் பொறுத்தவரை மூன்று பெரிய நிறுவனங்களில் எதன் கடைக்குள் நுழைந்தாலும் ஏமாற்றம் இருக்காது. பணம் எடுப்பது, பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்புவது, அஞ்சலட்டை போடுவது, முன்பதிவுச் சீட்டைப் பெறுவது போன்ற வேலைகளுக்குத்தான் கடையைத் தேர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும் இந்தக் கடைகளுக்குப் பின்னால் வெவ்வேறு வங்கிகளும் வெவ்வேறு பார்சல் நிறுவனங்களும் நிற்கின்றன. பயணிக்குத் தெரிய வேண்டிய வேறுபாடு முழுவதும் அங்கிருந்தே பிறக்கிறது.

ஜப்பானில் செவன்-இலெவனுக்கு 21,000க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. ஃபேமிலிமார்ட்டுக்கு 16,000 அளவிலும், லாசனுக்கு 14,000க்கு மேலும் இருக்கின்றன. பெருநகரங்களில் ஒரு கடையிலிருந்து பார்த்தாலே அடுத்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை தெரியும் என்பதால், ஒவ்வொரு வேலைக்கும் பொருத்தமான கடையைத் தேடிப் போவது அங்கே பெரிய சிரமமாக இராது.

முதலில் பணம். அட்டைகளும் கைபேசிச் செயலிகளும் பரவிவிட்ட பிறகும், சிறிய கோயில்களிலும் கிராமத்துப் பேருந்துகளிலும் பழைய உணவகங்களிலும் ரொக்கம் இல்லாமல் காலம் தள்ள முடியாது. இந்த ஒரு விஷயத்தில் செவன்-இலெவனே முன்னிற்கிறது என்பது என் தெளிவான முடிவு. அந்தக் கடைகளில் இருக்கும் ஏடிஎம்கள் அதே குழுமம் தொடங்கிய செவன் வங்கியினுடையவை. 2001இல் தொடங்கப்பட்ட அந்த வங்கி, ஏடிஎம்களை நடத்துவதையே தன் முதன்மைத் தொழிலாகக் கொண்டது. வெளிநாட்டு அட்டைகளை 2007 முதல் ஏற்றுவருவதால், இயந்திரத்தின் நடைமுறை முழுவதும் பயணியின் பார்வையிலிருந்து சீராக அமைந்திருக்கிறது. திரையில் 12 மொழிகள் உண்டு; தமிழ் இல்லை என்றாலும் ஆங்கிலம் உண்டு, மலேசியாவிலிருந்து செல்லும் தமிழருக்கு மலாய் மொழியும் உண்டு. சிப் உள்ள அட்டையில் ஒரே தடவையில் 1,00,000 யென் வரை எடுக்க முடியும். உங்கள் சொந்த வங்கி வைத்திருக்கும் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரம்பே பொருந்தும்.

லாசனில் இருப்பவை லாசன் வங்கியின் ஏடிஎம்கள். 2018இல் சேவையைத் தொடங்கிய இந்த வங்கியின் இயந்திரங்களும் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கின்றன. ஃபேமிலிமார்ட்டில் பல ஆண்டுகளாக இ-நெட் என்ற நிறுவனத்தின் ஏடிஎம்களும், சில கடைகளில் அஞ்சல் வங்கியான யூச்சோவின் ஏடிஎம்களும் இருந்துவருகின்றன. கடைக்குக் கடை இயந்திரம் மாறுவதால், ஒரு ஃபேமிலிமார்ட்டில் பழகிய முறை அடுத்ததில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரவு பதினொரு மணிக்கு, பயணக் களைப்போடு, கையில் யென் எதுவும் இல்லாமல் நிற்பவருக்கு இந்தச் சீரின்மை ஒரு பொருட்டுதான்.

எந்தக் கடையானாலும் இரண்டு எச்சரிக்கைகள் பொருந்தும். இந்திய ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதியின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியில் இயக்கிவிட்டுப் புறப்பட வேண்டும். அடுத்து, பணம் எடுக்கும்போது உங்கள் கணக்கில் ரூபாயாகக் கழிக்கவா, யென்னாகக் கழிக்கவா என்ற கேள்வி திரையில் வந்தால், யென்னைத் தேர்வதே நல்லது. ரூபாயைத் தேர்ந்தால், இயந்திரத்தின் பின்னாலுள்ள நிறுவனம் தனக்குச் சாதகமான மாற்று விகிதத்தை வைத்துக்கொள்ளும்.

எடுத்த 10,000 யென் நோட்டைச் சில்லறையாக்குவதற்கும் இந்தக் கடைகளே வழி. ஜப்பானிய நகரப் பேருந்துகளில் ஓட்டுநரின் பக்கத்தில் இருக்கும் கட்டணப் பெட்டி பொதுவாக 1,000 யென் நோட்டை மட்டுமே சில்லறையாக மாற்றித் தரும். பெரிய நோட்டுடன் ஏறினால் சங்கடமாகிவிடும். கடையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்கு 10,000 யென் நோட்டை நீட்டினாலும் ஊழியர் முகம் சுளிக்க மாட்டார். செவன்-இலெவனின் பல கடைகளில் ஊழியர் பொருட்களை வருடிக் கணக்கிட்ட பிறகு, வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் ரொக்கமா அட்டையா என்று நாமே தொட்டுத் தேர்ந்து, நோட்டை இயந்திரத்தின் வாயில் நாமே செருக வேண்டும். மீதி கீழே வந்து விழும். 2024 ஜூலை 3 அன்று புதிய நோட்டுகள் வெளியான பிறகு, சில பழைய தானியங்கி இயந்திரங்கள் அவற்றை ஏற்பதில்லை என்பதால், நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வது உதவும். ரயிலிலும் பேருந்திலும் பயன்படும் சுயிகா, இகோகா போன்ற அட்டைகளில் ரொக்கம் செலுத்திப் பணம் ஏற்றும் வசதி மூன்று நிறுவனங்களின் கடைகளிலும் உண்டு. இதில் கடை பார்த்துப் போகத் தேவையில்லை.

பெட்டி அனுப்பும் சேவைதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைகளின் மிகப் பெரிய கொடை. தோக்கியோவில் நான்கு நாள் தங்கி, ஹகோனேயில் ஓர் இரவு கழித்து, பிறகு கியோத்தோ செல்லும் குடும்பம் பெரிய பெட்டிகளை மலைப்பாதை ரயிலிலும் கேபிள் காரிலும் இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. தோக்கியோவிலிருந்தே கியோத்தோ விடுதிக்கு அவற்றை அனுப்பிவிட்டு, ஒரு தோள்பையுடன் மலையேறலாம். தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைக்கும் அதிவேக ரயிலான தோக்காய்தோ ஷின்கான்சென்னில் நீள, அகல, உயரங்களின் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு 2020 மே முதல் பெட்டி வைக்கும் இடத்துடன் கூடிய இருக்கையை முன்பதிவு செய்வது கட்டாயமாகிவிட்டது என்பதும் இந்தச் சேவையின் மதிப்பைக் கூட்டியிருக்கிறது.

செவன்-இலெவனும் ஃபேமிலிமார்ட்டும் யமாத்தோ நிறுவனத்தின் தக்யூபின் சேவைக்காகப் பெட்டிகளைப் பெற்றுக்கொள்கின்றன. லாசன் 2004 முதல் ஜப்பான் அஞ்சலின் யூ-பேக் சேவையுடன் இணைந்திருக்கிறது. இரண்டும் நம்பகமானவை, தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு வழக்கமாக மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். நடுத்தர அல்லது பெரிய பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,000 யென் வரை ஆகும். யூ-பேக்கில் பெட்டியின் மூன்று பக்கக் கூட்டுத்தொகை 170 சென்டிமீட்டருக்குள்ளும், எடை 25 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். இதனால் சாதாரணச் சுற்றுலாப் பெட்டிகளுக்குத் தடை ஏதும் இல்லை. இருந்தாலும் நான் யமாத்தோவுக்கே, அதாவது செவன்-இலெவனுக்கோ ஃபேமிலிமார்ட்டுக்கோ வாக்களிப்பேன். விடுதி வரவேற்பு ஊழியர்களுக்கு அந்த நிறுவனத்தின் படிவம் மிகவும் பழக்கமானது. நரித்தா, ஹனேதா, கன்சாய் விமான நிலையங்களிலும் அதன் கவுண்ட்டர்கள் உள்ளன. ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்திலேயே பெட்டியை வாங்கிக்கொள்ள விரும்புகிறவருக்கு இது வசதி. ஆனால் விமான நிலையத்துக்கு அனுப்பும் பெட்டி புறப்பாட்டுக்கு முந்தைய நாளே அங்கு சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், குறைந்தது இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுவது பாதுகாப்பானது.

கவுண்ட்டரில் நடப்பது இதுதான்: ஊழியர் அளவுநாடாவை எடுத்துப் பெட்டியின் மூன்று பக்கங்களையும் அளந்து, பல தாள்கள் ஒட்டிய படிவம் ஒன்றைத் தருவார். பெறுநர் இடத்தில் விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, அதன் கீழே முன்பதிவு எந்தப் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் வந்து தங்கப்போகிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். இந்தக் கடைசி இரண்டு விவரங்களையும் விட்டுவிட்டால், விருந்தினர் யாரென்று தெரியாமல் விடுதி பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட விடுதி முகவரி கையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். படிவத்தின் ஒரு தாளை நம்மிடம் தருவார்கள். அதிலுள்ள எண்ணை வைத்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம் என்பதால், அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அஞ்சல் தொடர்பான மற்ற எல்லாவற்றிலும் லாசனே முதலிடம் பெறுகிறது. அதன் கடைகளுக்குள்ளேயே சிவப்பு அஞ்சல் பெட்டி இருக்கிறது; அஞ்சல்தலையும் அங்கேயே கிடைக்கும். பிற கடைகளிலும் அஞ்சல்தலை விற்கப்படுகிறது என்றாலும், வாங்கி, ஒட்டி, அதே இடத்தில் போட்டுவிட்டு வெளியே வரும் வசதியை லாசனில்தான் எதிர்பார்க்கலாம். ஊரிலிருக்கும் தாத்தா, பாட்டிக்கு அஞ்சலட்டை அனுப்ப நினைக்கும் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நுழைவுச்சீட்டு விற்பனையிலும் லாசனுக்குத் தனி இடம் உண்டு. தோக்கியோவை ஒட்டிய மித்தாகாவில், ஜிப்லி அனிமேஷன் படங்களுக்கென உள்ள அருங்காட்சியகத்தின் வாசலில் சீட்டு விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பானிய நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான சீட்டுகளை லாசனின் சீட்டு விற்பனைப் பிரிவு திறந்துவிடும். இந்திய நேரம் காலை 6.30க்கே கணினி முன் அமர்ந்திருக்க வேண்டும் என்று பொருள். வெளிநாட்டிலிருந்து ஆங்கிலத் தளத்தின் வழியாகவே வாங்கிவிடுவது எளிது. ஜப்பானுக்கு வந்த பிறகு கடையிலுள்ள லொப்பி என்னும் தொடுதிரை இயந்திரத்தை நாடலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அந்த இயந்திரம் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே பேசும். விரும்பிய நாளுக்கான சீட்டும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

அச்செடுப்பதிலும் நகலெடுப்பதிலும் வேறுபாடு குறைவு. கறுப்பு வெள்ளை நகல் ஒரு பக்கத்துக்கு 10 யென் என்பதுதான் வழக்கமான விலை. இணையத்தில் கோப்பை ஏற்றி, கிடைக்கும் எண்ணைக் கடை இயந்திரத்தில் தட்டி அச்செடுக்கும் முறையும் மூன்றிலும் இருக்கிறது. ஆனால் செவன்-இலெவன் ஓர் அமைப்பையும், லாசனும் ஃபேமிலிமார்ட்டும் வேறோர் அமைப்பையும் பயன்படுத்துகின்றன. ஒன்றில் ஏற்றிய கோப்பை மற்றதில் எடுக்க முடியாது.

இலவச வைஃபை வேண்டும் என்று இந்தக் கடைகளை நம்பியிருக்க வேண்டாம். செவன்-இலெவனும் ஃபேமிலிமார்ட்டும் அந்தச் சேவையை 2022இல் நிறுத்திவிட்டன. பழைய பயணக் குறிப்புகள் பலவற்றில் இது இன்னும் திருத்தப்படாமல் கிடக்கிறது. கழிவறை வசதியில் லாசனின் பெயரைச் சொல்லத்தான் வேண்டும்: பொருள் வாங்காதவர்களுக்கும் தன் கடைக் கழிவறைகளை 1997இல் முதலில் திறந்துவிட்ட நிறுவனம் அது. இப்போது மற்றவையும் அப்படியே செய்கின்றன. ஊழியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. நெரிசல் மிகுந்த ஷிபுயா போன்ற பகுதிகளில் கழிவறை இல்லாத கடைகளும் உண்டு. மழையில் நனைந்து மாற்று உடை இல்லாமல் நிற்பவர் ஃபேமிலிமார்ட்டுக்குப் போகலாம். 2021 முதல் நாடெங்கும் அது விற்றுவரும் காலுறைகளும் பனியன்களும் அவசரத்துக்கு வாங்கினாலும் நெடுநாள் உழைக்கும் தரமுடையவை.

சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு மூன்றுமே கடினமான இடங்கள்தான் என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஊறவைத்த உமே பழமோ கொம்பு என்னும் கடற்பாசியோ வைத்த சோற்றுருண்டைகள் பார்வைக்குச் சைவமாகத் தெரிந்தாலும், சுவைக்காக மீன் சாறு சேர்க்கப்பட்டிருக்கலாம். இனாரி என்னும் இனிப்பு டோஃபு உறைச் சோறும் அப்படியே. உப்பு மட்டும் சேர்த்த சோற்றுருண்டை, வாழைப்பழம், அவித்த எதமாமே என்னும் பச்சை சோயா, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை நம்பலாம். மற்றவற்றுக்குக் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைப் பொட்டலத்தின் பின்புறத்தில் காட்டி, சேர்மானப் பட்டியலைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

பயணம் தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா ஆகியவற்றோடு முடியாதவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். தெற்கிலுள்ள தீவான ஒக்கினாவாவில் செவன்-இலெவன் கால்வைத்ததே 2019 ஜூலையில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஃபேமிலிமார்ட்டும் லாசனும் அங்கே வேரூன்றிவிட்டதால், தீவின் உட்பகுதிகளில் கண்ணில் படுபவை பெரும்பாலும் அவையே. கிழக்கு ஜப்பானின் ரயில் நிலையங்களுக்குள் ஜேஆர் ரயில் நிறுவனத்தின் நியூடேஸ் கடைகள் உண்டு. ரயிலேறும் முன் எதையாவது வாங்க அவை போதும்.

வடக்குத் தீவான ஹொக்கைதோவில் மூன்று பெரியவர்களையும் பின்தள்ளி நிற்பது உள்ளூர் நிறுவனமான செய்க்கோமார்ட். 1971இல் சப்போரோவில் தொடங்கிய இது, ரிஷிரி, ரெபுன் போன்ற வடகோடித் தீவுகளிலும் கடை நடத்துகிறது. பல கடைகளில் 'ஹாட் செஃப்' என்ற சமையலறை இருப்பதால், சோறும் பொரித்த பண்டங்களும் அங்கேயே சூடாகத் தயாராகின்றன. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி நிலநடுக்கத்தால் ஹொக்கைதோ முழுவதும் மின்சாரம் அற்றுப்போனபோது, கார்களின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துப் பெரும்பாலான கடைகளைத் திறந்து வைத்திருந்ததும், எரிவாயுவில் சோறு வடித்து மக்களுக்கு உருண்டைகள் விற்றதும் இந்த நிறுவனம்தான். பல கிளைகள் இரவில் மூடிவிடும் என்பதால், அங்கே வாகனம் ஓட்டிச் செல்பவர்கள் இரவு உணவையும் மறுநாள் காலைக்கானதையும் மாலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.